பனிமேல் வந்த வீடு

மார்லித்துறை, நியூஃபவுண்ட்லாந்து
20 நவம்பர் 1955

அன்புள்ள ஹெட்லி,

நானும் நம் குட்டி லூயிஸும் நலம். உன் நெஞ்சுச் சளி குறைந்ததா? மரம் வெட்டிவிட்டு வந்து ஈரக் காலுறையோடு படுக்காதே. நான் பக்கத்தில் இல்லை என்பதற்காகச் சொல்கிறேன்.

இது கடைசிப் படகில் வரும் கடிதம். குடா உறைந்து, தபால்கார டோர்மன் நாய்வண்டி பூட்டும்வரை அடுத்ததை எதிர்பார்க்காதே.

நேற்று உன் அண்ணி வயலட் நம் அறை ஜன்னலை நூல் பிடித்து அளந்துகொண்டிருந்தாள். என்னைப் பார்த்ததும் நூலைச் சுருட்டி ஏப்ரன் பையில் போட்டுக்கொண்டு, "தூசி தட்டினேன்" என்றாள். அவள் மகன் ரோலண்டுக்கு ஜூன் மாதம் கல்யாணம். வருகிற பெண்ணுக்கு ஓர் அறை வேண்டும். வீட்டில் இருப்பதோ மூன்றே அறை. உன் அண்ணன் அம்புரோஸ் நம்மைப் போகச் சொல்லவே மாட்டார். அவர் சொல்லமாட்டார் என்பதால்தான் நாமாகக் கிளம்ப வேண்டும் என்று எனக்குத் தோன்றுகிறது.

காக்கைத் தீவில் ஓபதியா மாமா தன் வீட்டை விற்கிறாராம். வசந்தத்தில் மகள் வீட்டோடு போய்விடப் போகிறார். யாரும் வாங்காவிட்டால், கோடையில் ஒரு வியாபாரி வந்து வீட்டைப் பிரித்து, பலகைகளைக் கொண்டுபோவான். இரண்டு மாடி, நல்ல மரம். விலையும் நம் கைக்கு அடங்கும் என்றுதான் கேள்வி. வீட்டை அப்படியே குடாவுக்கு இந்தப் பக்கம் இழுத்து வந்து, மேட்டில் நம் உருளைக்கிழங்குத் தோட்டத்தில் நிறுத்திக்கொள்ளலாம். குடா உறைந்ததும் நடந்துபோய்ப் பார்த்துவிட்டு வரட்டுமா?

லூயிஸ் உனக்கு முத்தம் தரச் சொன்னாள். அவளுக்கு முன்பல் ஒன்று விழுந்துவிட்டது.

உன்
சபினா

*

சாண்டி ஏரி முகாம்
12 டிசம்பர் 1955

அன்புள்ள சபினாவுக்கு,

இங்கே நான் சௌக்கியம். சளி போய்விட்டது. சாப்பாடு காலையில் அவரைப் பயறு, மதியம் அவரைப் பயறு, இரவில் காலையில் மிஞ்சிய அவரைப் பயறு. லூயிஸின் பல்லைப் பத்திரமாக வை, வந்து பார்க்கிறேன்.

வீட்டு விஷயம். பனிக்காலத்தில் யாராவது வீடு வாங்குவார்களா? அடித்தளம் பனிக்குள் கிடக்கும், கூரை பனிக்குள் கிடக்கும், வேலி எங்கே என்றுகூடத் தெரியாது. மூடிவைத்த தட்டை வாங்குவது மாதிரி. வீடு ஒன்றும் மாடு இல்லை, குளிரில் நிறுத்திவைத்து மூச்சு வாங்குகிறதா என்று பார்க்க.

ஏப்ரலில் முகாம் கலைந்துவிடும். நான் வந்த பிறகு, ஜூனில் படகெடுத்துப் போய் இரண்டு பேருமாகப் பார்ப்போம். பிடித்திருந்தால் அடியில் பீப்பாய்களைக் கட்டி மிதக்கவிட்டு இழுத்து வரலாம். ரோலண்ட் கல்யாணம் ஒரு மாதம் தள்ளிப்போனால் உலகம் கவிழ்ந்துவிடாது.

ஆகையால், போகாதே. போனாலும் எதற்கும் தலையாட்டாதே. உன்னை எனக்குத் தெரியும் என்பதால் இரண்டாவது வரியையும் எழுதுகிறேன்.

அண்ணனுக்கும் அண்ணிக்கும் என் அன்பைச் சொல். கிறிஸ்துமஸுக்கு வேஷம் கட்டி வருகிறவர்களைக் கண்டு லூயிஸ் பயப்படாமல் பார்த்துக்கொள்.

உன்
ஹெட்லி

*

மார்லித்துறை
9 ஜனவரி 1956

அன்புள்ள ஹெட்லி,

புத்தாண்டு உனக்கு நல்லபடியாக இருக்கட்டும். எங்களுக்கு ஒரு குறையும் இல்லை. வேஷக்காரர்கள் வந்தார்கள். லூயிஸ் பயப்படவில்லை, ஒருவனுடைய முகத்துணியை இழுத்துவிட்டாள். உள்ளே இருந்தவர் பள்ளிக்கூட வாத்தியார்.

உன் கடிதம் வந்தது. உன் இரண்டாவது வரியைத்தான் எடுத்துக்கொண்டேன். போனேன்.

அம்புரோஸும் நானும் காற்று ஊளையிடும் நாளாகப் பார்த்தே போனோம். முதலில் தூரத்தில் நின்று கூரையைப் பார்த்தேன். உள்ளே அடுப்பு எரிகிறது, ஆனால் கூரைமேல் பனி எல்லா இடத்திலும் ஒரே கனத்தில் கிடக்கிறது. ஓரங்களில் பனி ஊசிகள் தொங்கவில்லை. அப்படியென்றால் சூடு வெளியே ஓடவில்லை. இதைக் கோடையில் எப்படிப் பார்ப்பாய்? உள்ளே போய், ஒரு மெழுகுவத்தி ஏற்றி ஒவ்வொரு ஜன்னலிடமும் பிடித்தேன். வடக்கு ஜன்னலில் மட்டும் சுடர் படுத்தது. பிறகு குனிந்து கதவடியில் கையை வைத்தேன்.

ஓபதியா மாமா தேநீரை வைத்துக்கொண்டு என்னையே பார்த்தார். "அம்புரோஸ், இவ வீடு வாங்க வந்தாளா, இல்ல வீட்டுக்கு வைத்தியம் பாக்க வந்தாளா?"

"ரெண்டும்தான் மாமா" என்றேன்.

"அப்ப நானே சொல்லிடறேன். வடக்குப் பக்கம் அடிக்கட்டை உளுத்துப்போச்சு. மத்தபடி ஒரு குத்தமும் இல்ல. என் பொஞ்சாதி முப்பது வருஷம் இதுல குளுருதுன்னு ஒரு வார்த்தை சொல்லல. மத்த எல்லாத்தையும் பத்திச் சொன்னா."

கோடையில் போயிருந்தால் பத்துப் பேர் பார்க்க வந்திருப்பார்கள், அவரும் அடிக்கட்டையைப் பற்றி வாயைத் திறந்திருக்கமாட்டார். இப்போது யாரும் இல்லை. பேச ஆள் கிடைத்த சந்தோஷத்தில் எல்லாவற்றையும் சொல்லிவிட்டார்.

பீப்பாய் கட்டி மிதக்கவிட்டால் உப்புத் தண்ணீர் தரைப்பலகையில் ஏறும். பிறகு ஆயுசு முழுக்கச் சுவர் ஈரம் கக்கும். உறைந்த குடாவின்மேல் இழுத்தால் அந்தத் தொல்லை கிடையாது. ஆண்களும் இப்போது சும்மாதான் இருக்கிறார்கள். ஜூனில் எல்லோரும் மீனுக்குப் போய்விடுவார்கள். அப்போது நம் வீட்டை யார் இழுப்பார்கள்?

நான் தலையாட்டவில்லை. ஆனால் கழுத்து வலிக்கிறது. சீக்கிரம் பதில் போடு.

உன்
சபினா

*

சாண்டி ஏரி முகாம்
29 ஜனவரி 1956

அன்புள்ள சபினா,

நலம். நீயும் குழந்தையும் நலமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன்.

கையெழுத்து கோணலாக இருந்தால் தப்பாக எடுத்துக்கொள்ளாதே. மடியில் பலகை வைத்து எழுதுகிறேன். இந்த மாதம் என்னைச் சமையல்காரருக்கு உதவியாகப் போட்டிருக்கிறார்கள். சூடான இடம், நல்ல வேலை.

கூரைப் பனியைப் பற்றி நீ எழுதியதைச் சமையல்காரரிடம் வாசித்துக் காட்டினேன். "உன் பொண்டாட்டியை எங்க வீட்டையும் வந்து பாக்கச் சொல்லு" என்றார். சரி, வாங்கு. நீ சொன்னதெல்லாம் சரிதான்.

ஆனால் இழுப்பது மட்டும் வேண்டாம். நான் வரும்வரை வீடு அங்கேயே இருக்கட்டும். பனிமேல் ஒரு வீட்டை இழுப்பதென்றால் எவ்வளவு பாரம் என்று உனக்குத் தெரியாது. நான் கூட இல்லாமல் அது வேண்டாம். இதில் மட்டும் என் பேச்சைக் கேள்.

உன்
ஹெட்லி

*

மார்லித்துறை
20 பிப்ரவரி 1956

அன்புள்ள ஹெட்லி,

ஆறு வாரமாக உன்னிடமிருந்து ஒரு வரி இல்லை. புயல்மேல் புயல். டோர்மனின் நாய்களே வெளியே வர மறுக்கின்றன என்கிறார்கள். நீ நலமாகத்தான் இருக்கிறாய் என்று வைத்துக்கொண்டு எழுதுகிறேன். இங்கே எல்லோரும் நலம். வயலட்டுக்குப் பல்வலி, அதனால் வீடு அமைதியாக இருக்கிறது.

வீட்டை வாங்கிவிட்டேன். ஓபதியா மாமாவுக்கு இன்னும் காத்திருக்க மனமில்லை. மகள் ஆள் அனுப்பிவிட்டாள். "வேற யாருக்காவது குடுத்துரட்டுமா பொண்ணே, இல்ல கையைக் குடுக்கிறியா?" என்றார். கையைக் கொடுத்துவிட்டேன். கோபப்படு, ஆனால் சத்தமாகப் படாதே.

உன் அண்ணன் பத்து இடத்தில் துளை போட்டுப் பார்த்தார். இந்த வருஷம் உறைவு நல்ல கனம், இதைவிட நல்ல வாரம் கிடைக்காது என்கிறார். செங்கல் புகைபோக்கியைக் கழற்றி எடுத்துவிட்டோம். வீட்டுக்கு அடியில் இரண்டு நீளமான தேவதாரு மரங்களைச் சறுக்குக் கட்டையாகக் கொடுத்திருக்கிறார்கள். உளுத்த அடிக்கட்டையையும் அப்படியே மாற்றியாயிற்று. மூன்று ஊர்களிலிருந்து ஆட்கள் வருகிறார்கள். நானும் வயலட்டும் அவர்களுக்காக உப்பு மீனும் கடின ரொட்டியும் எடுத்துவைத்திருக்கிறோம். வருகிற திங்கட்கிழமை இழுக்கிறோம்.

உன் பதில் வந்திருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

உன்
சபினா

*

மார்லித்துறை
5 மார்ச் 1956

அன்புள்ள ஹெட்லி,

நலமா? உன் ஜனவரிக் கடிதம் வீட்டை இழுத்த இரண்டாம் நாள்தான் என் கைக்கு வந்தது. என்ன செய்வது, டோர்மன் புயலில் மாட்டிக்கொண்டார்.

வீடு காக்கைத் தீவைவிட்டுக் கிளம்பிவிட்டது. இப்போதைக்கு நல்ல இடத்தில் நிற்கிறது. நாலு பக்கமும் தடையில்லாத காட்சி. அக்கம்பக்கத்தார் சத்தம் கிடையாது. ஒரு கண்ணாடிகூட உடையவில்லை. அடுப்புக்குத் தகரக் குழாய் மாட்டியிருக்கிறேன், நன்றாக இழுக்கிறது. இந்தக் கடிதத்தை நம் சமையலறையில் உட்கார்ந்துதான் எழுதுகிறேன். மேசை கொஞ்சம் சாய்வு. லூயிஸ் அம்புரோஸ் வீட்டில் பத்திரமாக இருக்கிறாள்.

நீ சமையல்கட்டில் என்ன செய்கிறாய்? முட்டை வேகவைக்கத் தண்ணீர் வேண்டும் என்பதே உனக்குத் தெரியாதே.

அவசரமாக முடிக்கிறேன்.

உன்
சபினா

*

சாண்டி ஏரி முகாம்
14 மார்ச் 1956

சபினா,

நீ நலமாக இருக்கிறாயா என்று இந்த முறை நிஜமாகவே கேட்கிறேன்.

டோர்மன் நேற்று வந்தார். சாப்பாட்டுக் கூடத்தில் அத்தனை பேர் முன்னால், தேநீரை ஊதி ஊதிக் குடித்துக்கொண்டு, "குடா நடுவுல ஒரு வீடு நிக்குதுப்பா" என்றார். "ரெண்டு மாடி. புகை வருது. ஒரு பொம்பள கயிறு கட்டித் துணி காயப்போடறா. என் நாய்ங்க அப்படியே நின்னுடுச்சு."

எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். பிறகு, "யார் அந்தப் பொம்பள?" என்று கேட்டேன். டோர்மன் என்னைப் பார்த்தார். தேநீர்க் குவளையைப் பார்த்தார். "உனக்குத் தெரியும்னு நெனச்சேன்" என்றார்.

நாலு பக்கமும் தடையில்லாத காட்சி என்று எழுதினாயே.

பலகைதானே, போனால் போகட்டும். வேறு பலகை வாங்கலாம். இந்தக் கடிதம் கைக்கு வந்ததும் கரைக்கு வந்துவிடு. நடந்ததை மறைக்காமல் எழுது. நீ எழுதாமல் விட்டதைப் பிறர் வாயால் கேட்பது எவ்வளவு கஷ்டம் என்று உனக்குத் தெரியாது.

ஹெட்லி

*

மார்லித்துறை
25 மார்ச் 1956

அன்புள்ள ஹெட்லி,

நான் கரையில் இருக்கிறேன். வீடும் கரையில் இருக்கிறது. இதை முதலில் வாசித்துவிட்டு, மூச்சு விட்டுவிட்டு, மேலே படி.

முதல் நாள் பாதிக் குடா வரை வீடு வெண்ணெய்மேல் கத்தி மாதிரி வழுக்கிக்கொண்டு வந்தது. ஆட்கள் பாடிக்கொண்டே இழுத்தார்கள். ஒரு விரிசலைத் தாண்டும்போது இடது சறுக்குக் கட்டை அதில் இறங்கிவிட்டது. வீடு முனகிச் சாய்ந்து நின்றது. அடுப்படியில் ஓர் உருளைக்கிழங்கை வைத்தால் அதுவாகக் கதவு வரை உருண்டு போகும். ஒரு நாள் முழுக்க இழுத்தும் அசையவில்லை. மறுநாள் தெற்குக் காற்று வந்து மேல்பனி இளக ஆரம்பித்தது.

உன் அண்ணன் என்னிடம் வந்தார். குல்லாயைக் கழற்றிக் கையில் வைத்திருந்தார். "சபினா, பலகையையாவது காப்பாத்துவோம். கடப்பாரை எடுத்துட்டு வரச் சொல்றேன்" என்றார்.

"எடுத்துட்டு வாங்க" என்றேன். "வர்றப்ப கொஞ்சம் தேயிலையும் வெல்லப்பாகும் கொண்டாங்க."

உள்ளே போய் அடுப்பைப் பற்றவைத்தேன். வேறு ஒரு யோசனையும் எனக்கு இல்லை. ஆள் குடியிருக்கிற வீட்டில் கடப்பாரை வைக்க யாருக்கும் கை வராது என்று மட்டும் தெரியும். அவர்கள் கடப்பாரையோடு வந்தபோது நான் ரொட்டி சுட்டுக்கொண்டிருந்தேன். எல்லோரும் வாசலில் பூட்ஸைத் தட்டிவிட்டு, உள்ளே வந்து, சாய்ந்த மேசையைச் சுற்றிச் சாய்ந்தபடியே உட்கார்ந்து சாப்பிட்டார்கள். கடப்பாரைகள் வெளியே சுவரோரம் நின்றன.

பயமாக இருந்தது, ஹெட்லி. அடியில் பனி உறுமும். ஒவ்வொரு தடவையும் எழுந்து நின்றுவிடுவேன். அடுத்த நாள் வயலட் கம்பளியோடு வந்துவிட்டாள். "நீ தனியா இருந்தா ஊர் என்னைத்தான் பேசும், கொழுந்தன் பொண்டாட்டியைக் கடல்ல தள்ளிட்டாளாம்னு" என்றாள். பகலெல்லாம் துணி துவைத்தோம். வேறென்ன செய்வது. டோர்மன் அதைத்தான் பார்த்திருக்கிறார்.

பிறகு காற்று வடக்கே திரும்பியது. அப்படி ஒரு குளிர். ஆண்கள் நீள மரங்களை நெம்புகோலாகக் கொடுத்துக் கட்டையைத் தூக்கி, விரிசலில் கிளைகளையும் பனியையும் அடைத்துத் தண்ணீர் ஊற்றினார்கள். அது கல்லாக இறுகியது. அன்று காலை இழுக்க வந்த கூட்டத்தைப் பார்த்திருக்க வேண்டும் நீ. பள்ளிக்கூடத்துக்கு விடுமுறை விட்டு வாத்தியார் வந்தார். போதகர் வந்தார். பெண்கள் அத்தனை பேரும் கயிற்றைப் பிடித்தோம். வயலட் முன்வரிசையில் நின்றுகொண்டு கத்தினாள்: "எனக்கு அந்த ரூம் வேணும், இழுங்கடா."

சிரித்துக்கொண்டே இழுத்தோம். வீடு அசைந்தது. அப்புறம் கரையேறி நம் உருளைக்கிழங்குத் தோட்டம் வரை நிற்கவே இல்லை. கயிற்றைக் கீழே போட்டதும் என்னென்னவோ பேச நினைத்தேன். ஆனால் உட்கார்ந்து அழுதேன். வயலட் என் முதுகைத் தட்டிவிட்டு, பெட்டி கட்ட உதவுவதாகச் சொன்னாள்.

சரி, நான் எழுதாமல் விட்டதை எழுதிவிட்டேன். இனி உன் முறை. டோர்மன் இங்கேயும் தேநீர் குடிப்பார். "அவன் கால் இப்ப எப்படியம்மா இருக்கு?" என்று கேட்டார். எந்தக் கால் என்று கேட்க எனக்கு வெட்கமாக இருந்தது. இரண்டும் நன்றாக இருப்பதாகச் சொல்லிவைத்தேன்.

எந்தக் கால், ஹெட்லி?

உன்
சபினா

*

சாண்டி ஏரி முகாம்
4 ஏப்ரல் 1956

அன்புள்ள சபினா,

நீ கரையில் இருக்கிறாய் என்ற வரியைப் பலமுறை வாசித்தேன். மற்றதைப் பிறகுதான் வாசித்தேன்.

இடது கால். ஜனவரி நடுவில் கோடாலி வழுக்கியது. இரண்டு விரல்கள் போய்விட்டன. சுண்டு விரலும் அதற்கு அடுத்ததும். பயப்படாதே, காயம் ஆறிவிட்டது. முகாம் மருத்துவர் கெட்டிக்காரர். மூன்று வாரம் படுக்கையில் கிடந்தேன். உன் கூரைப் பனிக் கடிதம் வந்தபோது அப்படித்தான் கிடந்தேன். அதைப் படித்துவிட்டு, காயப்பட்ட பிறகு முதல்தடவையாகச் சிரித்தேன்.

எழுதியிருந்தால் நீ வீட்டைவிட்டுவிட்டு லூயிஸையும் தூக்கிக்கொண்டு இங்கே கிளம்பி வந்திருப்பாய். வந்திருந்தால் வீடு வியாபாரியிடம் போயிருக்கும். அதனால்தான் எழுதவில்லை. இன்னொரு காரணமும் உண்டு. இழுக்க வேண்டாம் என்று நான் சொன்னது பனிக்குப் பயந்து இல்லை. என் வீட்டை ஊரே இழுக்கும்போது நான் கட்டிலில் கிடப்பதா என்றிருந்தது. இதை எழுதவே எனக்கு இவ்வளவு நாள் ஆகியிருக்கிறது.

தடி வைத்து நடக்கிறேன். அடுத்த கோடையில் படகில் நிற்க முடியும் என்கிறார் மருத்துவர். சமையல்காரர் எனக்கு ரொட்டி சுடச் சொல்லிக்கொடுத்திருக்கிறார். சிரிக்காதே.

முகாம் இந்த வாரம் கலைகிறது. இதற்குமேல் தபால் வராது. உறைவு உடையத் தொடங்கிவிட்டது. நானேதான் வர வேண்டும்.

உன்
ஹெட்லி

*

கெண்டல் முனை
30 ஏப்ரல் 1956

அன்புள்ள சபினா,

நான் நலம். உன் நலத்தை இங்கிருந்தே பார்த்துக்கொண்டிருக்கிறேன்.

குடாவுக்கு இந்தப் பக்கம் எல்சி என்ற பெண்மணியின் வீட்டில் தங்கியிருக்கிறேன். நடக்கப் பனி போதாது, படகுக்குத் தண்ணீர் போதாது. இரண்டும் கலந்த கூழாகக் கிடக்கிறது. காற்று திரும்பினால் நாளையோ மறுநாளோ தன் மகன் படகு இறக்குவான் என்கிறார் எல்சி. இந்தக் கடிதத்தைக் கொண்டுவர ஆள் இல்லை. நானே கையில் கொண்டுவருவேன். ஆனாலும் எழுதாமல் உட்கார்ந்திருக்க முடியவில்லை.

இன்று வெயில் நன்றாக அடித்தது. எல்சி வாசலில் நின்று கண்ணுக்குமேல் கையை வைத்து எதிர்க்கரையைப் பார்த்தார்.

"அந்த மேட்டுல போன வருஷம் வீடே இல்லையே. யாருது அது?"

"என்னோடது" என்றேன். முதல்தடவையாக அந்த வார்த்தையைச் சொன்னேன்.

"எப்பக் கட்டினே?"

"கட்டல. நான் இன்னும் உள்ளயே போனதில்ல."

அவர் என் காலைப் பார்த்தார், தடியைப் பார்த்தார், உள்ளே போய் எனக்கு இன்னொரு குவளை தேநீர் கொண்டுவந்தார்.

நல்ல வீடு, சபினா. கூரை நேராக நிற்கிறது. மேல்மாடி ஜன்னலில் ஏதோ சிவப்பாக ஆடுகிறது, திரையா லூயிஸின் பாவாடையா தெரியவில்லை. எவ்வளவு நேரம் பார்த்தாலும் ஒன்று மட்டும் தட்டுப்படவில்லை. கதவு. வீடு கடலுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு நிற்கிறது, இல்லையா? கரையேறிய வேகத்தில் நின்ற மாதிரியே விட்டுவிட்டீர்கள். இத்தனை எழுதியவள் இதை மட்டும் எழுதவில்லை.

அதனால் என்ன. படகுத்துறையிலிருந்து மேடேறிச் சுற்றித்தான் வர வேண்டும் என்றால் சுற்றி வருகிறேன். என் நடைக்குக் கொஞ்சம் நேரமாகும். நீ எதிரே ஓடி வராதே. உள்ளேயே இரு. கதவை நான் தட்டுகிறேன்.

உன்
ஹெட்லி